வெளிச்சம் குறைந்த சிறு கடல்நீர்த் தொட்டிக்கு எந்தப் பவளம்?

கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்தில் வீடுகளுக்கு மீன் தொட்டி அமைத்துப் பராமரிக்கும் தொழிலில் இருக்கிறேன். கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்க்க ஆசைப்பட்டு வருகிறவர்களில் பலர், இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்ட, ஏறத்தாழ 56 லிட்டர் பிடிக்கும் தொட்டியையும் சாதாரண எல்.ஈ.டி. விளக்கையும் முன்பே வாங்கி வைத்துவிட்டுத்தான் என்னிடம் வருகிறார்கள். பிறகு கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, "இந்தப் பவளம் வேண்டும்" என்கிறார்கள். படத்தில் இருப்பது பெரும்பாலும் மான்கொம்புப் பவளமான அக்ரோபோரா. அந்த விளக்கின் கீழ் அது வாழாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது என் கடமை என்று நினைக்கிறேன்.

தொட்டியில் நாம் வளர்க்கும் பவளங்களில் பெரும்பாலானவற்றின் உடல் திசுவுக்குள் நுண்பாசிகள் வாழ்கின்றன. அவை ஒளிச்சேர்க்கையில் உண்டாக்கும் உணவில் பெரும் பங்கைப் பவளமே எடுத்துக்கொள்கிறது; ஆகவே விளக்கைத் தேர்ந்தெடுக்கும்போதே நாம் அதன் உணவையும் தேர்ந்தெடுத்துவிடுகிறோம். ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளியைப் 'பார்' என்ற அளவில் கணக்கிடுவார்கள். அக்ரோபோராவுக்கு அது 200-க்கு மேல் வேண்டும். சுண்ணாம்புக் கூடு கட்டாத எளிய மென்பவளங்களுக்கு 50 முதல் 100 வரை போதும். ஒரே தொட்டியிலும் விளக்குக்கு நேர் கீழே கிடைக்கும் அளவு மூலையில் கிடைக்காது. விளக்கில் வெள்ளை மட்டுமன்றி நீல ஒளியும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், ஏனெனில் அந்த நுண்பாசிகள் நன்கு பயன்படுத்துவது நீல ஒளியைத்தான்.

இத்தகைய தொட்டிக்கு நான் முதலில் கொடுப்பது மஷ்ரூம் பவளம். குறைந்த ஒளியும் மெதுவான நீரோட்டமும் உள்ள அடிப்பகுதியில் அது நன்றாக விரியும். நகரும்போது தன் அடிப்பாதத்தின் சிறு துண்டைக் கல்லில் விட்டுச் செல்ல, அதிலிருந்து புதிய மஷ்ரூம் முளைக்கும். வெளிச்சம் மிகுந்தால் சுருங்கி வெளிறும், குறைந்தால் அளவுக்கு மீறி அகன்று பரவும் என்பதால், விளக்கின் அளவை நமக்குக் காட்டிக்கொடுக்கும் உயிரும் அதுவே. அடுத்தது லெதர் பவளம். இது சில வாரங்களுக்கு ஒருமுறை பாலிப்புகள் எனப்படும் பூப்போன்ற சிறு உறுப்புகளை உள்ளிழுத்துக்கொண்டு, மெழுகு பூசியது போலாகி, மேல்தோலை உரிக்கும். அந்தச் சில நாட்களில் செத்துவிட்டது என்று நினைத்து எடுத்து எறிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நீரோட்டத்தைச் சற்றுக் கூட்டிவிட்டுக் காத்திருந்தால் போதும். அது அருகிலுள்ள பவளங்களைத் தாக்கும் வேதிப்பொருளை நீரில் விடக்கூடியது என்பதால், இடைவெளி விட்டு வைத்து, ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பனும் போட வேண்டும். கிரீன் ஸ்டார் பாலிப், சீனியா, கென்யா ட்ரீ ஆகியவையும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் முதல் இரண்டும் களைபோலப் பரவும் என்பதால் தனிக்கல்லில் ஒதுக்கி வைப்பேன்.

வெளிச்சமே வேண்டாத பவளம் என்று சன் கோரலைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அதற்கு விளக்கு வேண்டாம் என்பது உண்மைதான். ஆனால் அதன் உடலில் பாசி இல்லாததால் நாம்தான் அடிக்கடி ஊட்ட வேண்டும், அந்த உணவின் எச்சம் 56 லிட்டர் நீரை விரைவில் கெடுத்துவிடும். தொடக்கநிலையினருக்கு அது ஏற்றதல்ல.

சன் கோரலை நான் மறுப்பதற்குச் சட்டமும் ஒரு காரணம். அதுவும் அக்ரோபோராவும், வெளிநாட்டுக் காணொளிகளில் எளிதானவை என்று காட்டப்படும் ஹேமர், பிரைன் வகைகளும் சுண்ணாம்புக் கூடு கட்டும் கடினப் பவளங்கள். 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் 2001 இல் கடினப் பவளங்கள் அனைத்தும், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல்விசிறி, ஆர்கன் பைப் பவளம் ஆகியவையும் சேர்க்கப்பட்டன. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றிய பகுதி 1986 இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் சூடேறி அங்கிருந்த பவளங்கள் வெளிறின. ஏற்கெனவே அப்படி அடிபட்ட இடத்திலிருந்து பெயர்த்தெடுத்த கல்லை 'லைவ் ராக்' (நுண்ணுயிர்கள் வாழும் கடற்கல்) என்ற பெயரில் குறைந்த விலைக்கு யாராவது தந்தால் தயவுசெய்து வாங்காதீர்கள். மென்பவளமாக இருந்தாலும் தொட்டியிலேயே துண்டாக்கி வளர்த்ததா என்று கேளுங்கள், பில் கேட்டு வாங்குங்கள்.

இனி தண்ணீர். தருமபுரி நிலத்தடி நீரின் ஃபுளோரைடைப் பற்றித்தான் எல்லோரும் என்னிடம் முதலில் கேட்கிறார்கள். கடல்நீரிலேயே லிட்டருக்கு 1.3 மில்லிகிராம் அளவுக்கு ஃபுளோரைடு உண்டு. பவளத்துக்குத் தொல்லை தருபவை போர்வெல் நீரில் இருக்கக்கூடிய நைட்ரேட், பாஸ்பேட், சிலிகேட் ஆகியவையே. குழாயில் வரும் ஒகேனக்கல் குடிநீரில் குளோரின் இருக்கும். ஆகவே இரண்டையும் நேரடியாக ஊற்றாமல், ஆர்.ஓ.வுடன், மிச்சமுள்ள அயனிகளையும் நீக்கும் டி.ஐ. வடிகட்டியும் சேர்ந்து சுத்திகரித்த நீரில், கரைந்த பொருள்களை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்டுவதை உறுதிசெய்துகொண்டு, கடலுப்பைக் கலந்து ஒப்படர்த்தியை 1.026-க்குக் கொண்டுவாருங்கள். தொட்டியில் கல்லும் மணலும் போக 50 லிட்டர் நீர் நிற்கிறது என்று கொள்வோம். கோடையில் மூன்று லிட்டர் ஆவியானால், ஆயிரத்தில் 35 பங்காக இருந்த உப்பு அளவு 37-ஐத் தாண்டிவிடும். உப்பு ஆவியாவதில்லை என்பதால், குறைந்த அளவை உப்பு கலக்காத அதே வடிகட்டிய நீரால் தினமும் ஈடுசெய்ய வேண்டும். நீர் 28 டிகிரியைத் தாண்டத் தொடங்கினால் மேற்பரப்பின் மீது ஒரு சிறு மின்விசிறி ஓடட்டும். மின்தடைக்குப் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று அவசியம்.

சோவாந்திட் என்ற பொத்தான் பவளத்தை இறுதிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. குறைந்த ஒளியிலும் அழகாக வளரும், விலையும் அதிகமில்லை. ஆனால் அவற்றில் சிலவற்றில், குறிப்பாகப் பாலித்தோவா வகையில், பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. கல்லில் வேண்டாத இடத்தில் பரவிவிட்டதால் கொதிநீரில் போட்டுச் சுத்தம் செய்யலாமா என்று பாலக்கோட்டிலிருந்து ஒருவர் தொலைபேசியில் கேட்டபோது, அடுப்பை அணைத்துவிட்டு வீட்டின் சன்னல்களைத் திறக்கச் சொன்னேன். நல்லவேளையாகக் கல் இன்னும் பாத்திரத்துக்குள் போகவில்லை. அந்த நீராவியை மூச்சில் இழுப்பதே ஆபத்து. கல்லைக் கொதிக்க வைக்காதீர்கள், காய்ந்த கல்லைச் சுரண்டாதீர்கள், தொடும்போது கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணியுங்கள், கையில் வெட்டுக்காயம் இருந்தால் தொடவே வேண்டாம். தொட்டி வேலைக்குப் பிறகு மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, தசைவலி, காய்ச்சல், கண்ணெரிச்சல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் சென்று, பாலிடாக்சின் என்ற பெயரை மருத்துவரிடம் எழுதியே கொடுங்கள்.