தொலைநோக்கியைக் கவிழ்த்துப் பார்ப்பது எதற்கு?

ஒரத்தநாட்டுப் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எங்கள் மனையின் நான்கு மூலைக் கோணங்களையும் சர்வேயர் அளந்தார். கூட்டினால் 360 பாகைக்கு மேல் 32 விநாடி வருகிறது. கருவி பழுதா, ஆள் சரியில்லையா?"

இரண்டும் இல்லை. இங்கே விநாடி என்பது நேரமல்ல, ஒரு பாகையின் 3600இல் ஒரு பங்கு. சர்வேயரின் தியோடலைட் (தொலைநோக்கி பொருத்திய கோணம் அளக்கும் கருவி) 20 விநாடி வரை காட்டும் என்றால், அந்த 20ஐ மூலைகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் பெருக்குவார்கள். நாலு மூலைக்கு 40 விநாடி வரை பொறுக்கலாம். 32ஐ நாலாகப் பங்கிட்டு, மூலைக்கு 8 விநாடி கழித்தால் கணக்கு நேர். 20 விநாடி என்பது 100 மீட்டர் தள்ளி ஒரு சென்டிமீட்டர்தான்.

எனக்குப் பிடித்த சங்கதி இதற்கு முந்தையது. சர்வேயர் ஒரே எல்லைக்கல்லை இரண்டு தடவை பார்ப்பார். முதலில் கருவியின் இடது முகம், 'ஃபேஸ் லெஃப்ட்'. அப்புறம் தொலைநோக்கியைத் தலைகீழாகக் கவிழ்த்து, கருவியை அரைச்சுற்று திருப்பி, வலது முகம், 'ஃபேஸ் ரைட்'.

தொலைநோக்கியின் பார்வைக் கோடு, அது சுழலும் கிடை அச்சுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். மிகச் சரியாக அமைவது அரிது. 10 விநாடி வலப்பக்கம் விலகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கல்லைப் பிடிக்கக் கருவியை 10 விநாடி குறைவாகத் திருப்பினால் போதும். 82° 14′ 20″ வர வேண்டிய இடத்தில் 82° 14′ 10″ என்று காட்டும். கவிழ்த்துப் பார்த்தால் அதே கோணல் இடப்பக்கம் போய்விடும். இப்போது 10 விநாடி கூடுதலாகத் திருப்ப வேண்டும். 262° 14′ 30″. இதில் 180ஐக் கழித்துச் சராசரி எடுங்கள்: 82° 14′ 20″. கோணல் எவ்வளவு என்று தெரியாமலே அது ஒழிந்துவிட்டது! இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி எடுத்தால் அந்தக் கோணலின் அளவும் கிடைத்துவிடும்.

வயலில் ஒரே மட்டத்தில் உள்ள இரண்டு கற்களுக்கு நடுவே அளந்தால் இந்தப் பிழை தானாகவே கழிந்துவிடும். ஒரு முனை கல், மறுமுனை கோபுரக் கலசம் என்றால் கழியாது. பார்வை மேலே ஏற ஏறப் பிழை பெருகும். 60 பாகை ஏற்றத்தில் இரட்டிப்பு. டெல்டாவில் குன்று கிடையாது, தென்னந்தோப்பு வேறு மறைக்கும். கோபுரத்தை விட்டால் வழியில்லை. 1808இல், தென்னிந்தியாவை அளந்த ஆங்கிலேய சர்வேயர் லாம்ப்டன் அரை டன் தியோடலைட்டைத் தஞ்சைப் பெரிய கோயில் மேல் ஏற்றப் பார்த்ததும் இதனால்தான். கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி, அளவு வட்டமே நெளிந்துபோனது. அதையும் நிமிர்த்தி எடுத்து வேலையைத் தொடர்ந்தார் மனிதர்.

ஈசானிய மூலை ஒரு விரற்கடை குறைந்தால் வாஸ்துக்காரருக்குப் பணம் கொடுக்கிறோம், சர்வேயர் இரண்டாம் தடவை பார்த்தால் "எவ்வளவு நேரம்யா?" என்கிறோம். எனக்கு இது புரிவதே இல்லை.

கவிழ்த்தாலும் போகாத பிழை ஒன்று உண்டு: கருவியின் நிலைக்குத்து அச்சே சாய்வது. இரண்டு முகத்திலும் அது ஒரே பக்கம்தான் இழுக்கும். நம் களிமண் வயலில் முக்காலியின் ஒரு கால் மெல்ல அமிழும்போது நடப்பது இதுதான். காலுக்கடியில் முளை அடித்துக்கொள்ளலாம்; கருவி மட்டமாக இருக்கிறதா என்று காட்டும் குமிழியை அடிக்கடி பார்க்கலாம். கடைசியில், தொடங்கிய கல்லையே மறுபடி பார்க்க வேண்டும். முதல் அளவு வரவில்லையா, அந்தச் சுற்றை அடித்துவிட்டுத் திரும்ப அளக்க வேண்டியதுதான்.