கடைசி அறை ரேடியேட்டர் சூடாகவில்லையா? மெயின் வென்ட்டைப் பாருங்கள்

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் பழைய வீடு வாங்கும் நம் குடும்பங்களில் பலர், முதல் குளிர்காலத்தில்தான் நீராவி ஹீட்டிங்கை நேரில் பார்க்கிறார்கள். பாய்லருக்கு மேலே உள்ள அறை புழுங்குகிறது, கடைசிப் படுக்கையறையில் ரேடியேட்டர் பாதிகூடச் சூடாகவில்லை. எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை இந்த ஒரே புகார்தான். நான் போவதற்குள் தெர்மோஸ்டாட்டை மாற்றியிருப்பார்கள், ரேடியேட்டர் வென்ட்டுகளை (காற்றை வெளியே விட்டு, நீராவி வந்ததும் மூடிக்கொள்ளும் சிறிய வால்வுகள்) மாற்றியிருப்பார்கள், பாய்லரின் அழுத்தத்தைக்கூட யாராவது ஏற்றி வைத்திருப்பார்கள். பேஸ்மெண்ட் கூரையை ஒட்டி ஓடும் பெரிய பைப்பின் கடைசியில் இருக்கும் மெயின் வென்ட்டை மட்டும் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

பாய்லர் நின்றதும் பைப்பில் இருக்கும் நீராவி குளிர்ந்து தண்ணீராகிவிடும். அந்த இடத்தைக் காற்று நிரப்பிக்கொள்ளும். மறுபடி பாய்லர் எரியும்போது அந்தக் காற்று வெளியே போனால்தான் நீராவி முன்னே நகர முடியும். 2 அங்குலப் பைப் 40 அடி நீளம் ஓடினால் அதற்குள் 1 கன அடிக்குச் சற்றுக் குறைவாக, அதாவது ஏறக்குறைய 26 லிட்டர் காற்று. இத்தனையையும் ரேடியேட்டர் வென்ட்டின் ஊசித்துளை வழியாகத் தள்ளச் சொன்னால் என்ன ஆகும்? பாய்லருக்குக் கிட்டே இருக்கும் ரேடியேட்டர்கள் முதலில் சூடாகும், தெர்மோஸ்டாட் திருப்தியாகி பாய்லரை நிறுத்திவிடும், தூரத்து அறை அப்படியே கிடக்கும். மெயின் பைப்பின் காற்றைச் சீக்கிரம் விட வேண்டும், ரேடியேட்டர்களின் காற்றை நிதானமாக விட வேண்டும். நீராவி போவதும் தண்ணீர் திரும்புவதும் ஒரே பைப்பில் நடக்கும் ஒற்றைப் பைப் முறையில் இதுதான் ஆதாரம்.

வென்ட் இரண்டு விதமாகக் கெடும். துரு, அழுக்கு சேர்ந்து மூடியே நின்றுவிட்டால் மேலே சொன்ன கதை. திறந்தே நின்றுவிட்டால் பேஸ்மெண்டில் ஆவி கசியும். எனக்கு அதிகக் கவலை தருவது இந்த இரண்டாவதுதான். வெளியேறிய ஆவிக்கு ஈடாகப் பாய்லருக்குப் புதுத் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். குறையும் தண்ணீரைத் தானாகவே நிரப்பும் ஆட்டோமேட்டிக் ஃபீடர் இருந்தால் அது உங்கள் கண்ணிலேயே படாது. புதுத் தண்ணீரோடு வரும் ஆக்சிஜன் பாய்லரின் இரும்பை அரித்து ஓட்டை போடும். ஒரு சிறிய வென்ட்டைக் கவனிக்காமல் விட்டதால் பாய்லரையே மாற்ற வேண்டி வந்த வீடுகள் உண்டு.

சோதிப்பது சுலபம். ஆறிப்போன பாய்லரை ஓடவிட்டு, மெல்லிய காகிதத்தை வென்ட்டின் வாய்க்கு நேரே பிடியுங்கள். நீராவி வரும் வரை காகிதம் அசைய வேண்டும், வந்ததும் வென்ட் மூடி அசைவு நிற்க வேண்டும். கையை மட்டும் தள்ளியே வையுங்கள், ஆவி பட்டால் வெந்துவிடும்.

மாற்றுவதற்கு முன் ஒன்றைப் பார்த்தே ஆக வேண்டும். பழைய பைப்புகளின் மேல் வெள்ளையாகச் சுண்ணாம்புப் பூச்சு போல உறை இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதை உடைக்காதீர்கள், சுரண்டாதீர்கள். உரிமம் பெற்றவர்களைக் கூப்பிடுங்கள். உறை இல்லையென்றால், பாய்லரை அணைத்து நன்றாக ஆறவிட்டு, இரண்டு ரெஞ்சோடு வேலையைத் தொடங்கலாம். ஒன்று அடியில் இருக்கும் நிப்பிளை (மரை வெட்டிய குட்டைப் பைப் துண்டு) பிடித்துக்கொள்ள, மற்றது வென்ட்டின் அறுகோணப் பகுதியைத் திருக. வென்ட்டின் உடம்பைப் பிடித்துத் திருகினால் நசுங்கும். துருவேறிய நிப்பிள் வர மறுத்தால் முரட்டுப் பலம் வேண்டாம். உடைந்து, அது பொருந்தியிருக்கும் டீக்குள் (T வடிவப் பைப் இணைப்பு) மாட்டிக்கொண்டால் சின்ன வேலை பெரிய வேலையாகிவிடும்.

புது வென்ட்டைச் செங்குத்தாக நிறுத்துங்கள். பைப் கீழே திரும்பும் கடைசி எல்போவுக்கு (வளைவு இணைப்பு) ஏறக்குறைய 15 அங்குலம் முன்னால், 6 முதல் 10 அங்குல நிப்பிளின் மேல் அது இருப்பது நல்லது. வேகமாக வரும் தண்ணீர் எல்போவில் மோதித் திரும்பும்போது நேரே உட்கார்ந்திருக்கும் வென்ட் அடிவாங்கிச் சாகும். அளவும் முக்கியம். கார்ட்டன் (Gorton) என்ற பிராண்டின் பெரிய வென்ட்டான கார்ட்டன் 2 ஒன்று ஏறக்குறைய மூன்று கார்ட்டன் 1 வென்ட்டுகளின் வேலையைச் செய்யும். மேலே உயரம் போதாத இடத்தில் டீ போட்டுச் சிறிய வென்ட்டுகள் இரண்டு மூன்றைப் பொருத்தலாம். குறுக்கே போகும் துண்டு, தண்ணீர் மெயினுக்கே திரும்பி வழியும்படி சாய்ந்திருக்க வேண்டும்.

அப்புறம் அழுத்தம். வீட்டுக்குச் சதுர அங்குலத்துக்கு 2 பவுண்டுக்குள்ளேயே போதும். பாய்லர் அரை பவுண்டில் எரியத் தொடங்கி ஒன்றரையில் நிற்கும்படி நான் வைப்பேன். அழுத்தத்தை ஏற்றினால் சூடு சீக்கிரம் வரும் என்ற நம்பிக்கை ரொம்பத் தவறானது. எரிபொருள் வீணாகும், வென்ட்டின் ஆயுளும் குறையும்.

வேலை முடிந்ததும் பாய்லருக்கு மேலே பைப் சூடாவதிலிருந்து மெயினின் கடைசி முனை சூடாகும் வரை எத்தனை நிமிடம் என்று குறித்து வையுங்கள். பழைய வென்ட்டோடும் இதே கணக்கை எடுத்திருந்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஓரிரு வருடத்திலேயே புது வென்ட்டும் அடைத்துக்கொண்டால் வென்ட்டைக் குறை சொல்லாமல் பாய்லரின் கண்ணாடிக் குழாயைப் பாருங்கள். தண்ணீர் மட்டம் துள்ளித் துள்ளி ஆடினாலோ, மேலே எண்ணெய்ப் படலம் தெரிந்தாலோ, ஆவியோடு அழுக்குத் தண்ணீரும் பைப்பில் ஏறுகிறது. முதலில் பாய்லரின் மேற்பரப்பு எண்ணெயை வழித்தெடுக்க வேண்டும், வென்ட் அதற்கப்புறம்தான்.