டிஃபென்ஸ் ஆடும் பையனைப் பதினெட்டிலேயே தள்ளிவிடாதீர்கள்

2025 அக்டோபருக்குப் பிறகு எங்கள் கிளினிக்குக்கு வரும் ஐஸ் ஹாக்கி அப்பாக்கள் எல்லோரிடமும் ஒரே கேள்விதான் இருக்கிறது. "மேத்யூ ஷேஃபர் பதினெட்டு வயதில் என்.எச்.எல்.லுக்குப் போகவில்லையா, தங்கச்சி?"

போனார். யாரும் மறுக்கவில்லை. ஒண்டாரியோவின் ஹாமில்டன் பக்கத்துப் பையன். டிஃபென்ஸ், அதாவது பின்வரிசையில் நின்று தடுப்பவர். அணிகள் இளம் ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2025இல், முதல் ஆளாக நியூயார்க் ஐலண்டர்ஸ் அவரை எடுத்தது. அந்த அக்டோபரிலேயே வட அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறை லீக்கான என்.எச்.எல்.லில் இறங்கி, முதல் ஆட்டத்திலேயே ஓர் அசிஸ்ட் (கோலுக்கு வழிவகுக்கும் பாஸ்) எடுத்தார். ஆனால் அந்தக் கதையின் மற்றப் பாதியை எந்த அப்பாவும் சொல்வதில்லை. டிராஃப்டுக்கு முந்தைய சீசனில் அவர் ஒண்டாரியோவின் ஜூனியர் லீக்கான ஓ.எச்.எல்.லில் ஆடியது 17 ஆட்டங்கள் மட்டுமே. டிசம்பரில் உலக ஜூனியர் போட்டியில் காரை எலும்பு முறிந்தது. மீதி சீசன் முழுவதும் அவர் ஆடவில்லை. டிராஃப்டில் முதலிடமே கேள்விக்குறியாகலாம் என்ற நிலையிலும் அந்தப் பையனை எலும்பு கூடுமுன் யாரும் ஐஸில் இறக்கிக் காட்டவில்லை. ஷேஃபரை உதாரணம் காட்டுகிறவர்கள் இதையும் சேர்த்துக் காட்டினால் எனக்குப் பாதி வேலை குறையும்.

நான் டொராண்டோவின் கிழக்குப் பக்கம் விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட். நம் தமிழ்ப் பிள்ளைகளும் ரிங்கில் இறங்கியிருக்கிறார்கள். அதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. அவர்களோடு மற்ற ஹாக்கி வீடுகளில் உள்ள அவசரமும் நம் வீடுகளுக்குள் வந்துவிட்டது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அண்மையில் வந்த ஒரு பையனின் எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

பையனுக்குப் பதினேழு வயது. டிஃபென்ஸ். ஆறடி இரண்டு அங்குலம். "எவ்வளவு நாளாக வலி?" என்று கேட்டேன். பையன் அப்பாவைப் பார்த்தான். அப்பா, "இரண்டு வாரம் இருக்கும்" என்றார். கட்டிலில் படுக்கவைத்து முழங்காலை மடக்கி இடுப்பை உள்பக்கமாகத் திருப்பியதும், இது இரண்டு வார வலி அல்ல என்பது தெரிந்துவிட்டது. அப்பாவை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டபோது, போன சீசன் பாதியிலிருந்தே இருக்கிறது என்றான். இடையில் இரண்டு கேம்ப், ஒரு டூர்னமென்ட், கோடை முழுவதும் தனிப் பயிற்சி. "இப்போது நிறுத்தினால் ஆள் தேடி வரும் ஸ்கவுட்கள் மறந்துவிடுவார்கள்" என்று வீட்டில் சொன்னார்களாம். வளரும் வயதில் ஓயாத ஸ்கேட்டிங் இடுப்பு மூட்டை என்ன செய்யும் என்று இங்கே நான் பாடம் நடத்தப் போவதில்லை. ஹாக்கிக்காரர்களின் இடுப்பைப் பற்றி ஊரறியும்.

என்னை மிகவும் எரிச்சலூட்டும் நம்பிக்கைக்கு வருகிறேன். "பதினெட்டில் போகாவிட்டால் அவ்வளவுதான்." இதை யார் கிளப்பிவிட்டார்கள் என்று தெரியவில்லை. முன்வரிசையில் ஃபார்வர்டு ஆடுகிறவர்களை வைத்துச் சொன்னால்கூட ஓரளவு பேசலாம். டிஃபென்ஸில் இது ஏறக்குறைய தலைகீழ்.

நிக்லஸ் லிட்ஸ்ட்ரோம். 1989இல் டெட்ராய்ட் அவரை மூன்றாம் சுற்றில், 53ஆவது ஆளாக எடுத்தது. உடனே வந்தாரா? இல்லை. ஸ்வீடனிலேயே ஆடிவிட்டு 1991இல் வந்தார். சிறந்த டிஃபென்ஸ் ஆட்டக்காரருக்கான நாரிஸ் கோப்பையை ஏழு முறை வாங்கினார். டங்கன் கீத்: 2002இல் 54ஆவது ஆள்; அதன் பிறகு இரண்டு முழு சீசன்கள் என்.எச்.எல்.லுக்கு ஒரு படி கீழே உள்ள ஏ.எச்.எல்.லில் ஆடி, 2005இல்தான் சிகாகோ அணிக்குள் வந்தார். இரண்டு நாரிஸ். ஆடம் ஃபாக்ஸ்: 2016இல் மூன்றாம் சுற்று; மூன்று ஆண்டுகள் ஹார்வர்டு; 2021இல் நாரிஸ். மோரிட்ஸ் சைடர் 2019இல் ஆறாவது ஆளாக எடுக்கப்பட்டவர். ஒரு சீசன் ஏ.எச்.எல்., ஒரு சீசன் ஸ்வீடன் லீக். பிறகு டெட்ராய்ட்; 2022இல் சிறந்த புதுமுகம்.

"அவர்களில் பெரும்பாலோர் பின்னால் எடுக்கப்பட்டவர்கள், என் மகன் முதல் சுற்று" என்று சொல்பவர்களுக்காக இன்னும் இருவர். கேல் மக்கார் 2017இல் நான்காவது ஆள். உடனே ஓடவில்லை, மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டுகள் ஆடினார். 2019 ஏப்ரலில் பிளேஆஃப் நடுவே இறங்கி, முதல் ஆட்டத்திலேயே கோல் அடித்தார். ஓவன் பவர் 2021 டிராஃப்டின் முதல் ஆள். முதல் ஆளே மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிப் போய் இன்னொரு சீசன் ஆடிவிட்டு, 2022 ஏப்ரலில்தான் பஃபலோ அணிக்கு வந்தார். உலகம் அவரை மறந்துவிடவில்லை.

நீங்கள் தினமும் காபி வாங்கும் கடைக்குப் பெயர் தந்த டிம் ஹார்ட்டனும் டிஃபென்ஸ்தான். டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணியில் நிரந்தர இடம் கிடைக்குமுன் மூன்று சீசன்களில் பெரும்பகுதியைப் பிட்ஸ்பர்க்கில், ஏ.எச்.எல். அணியில் கழித்தார். பிறகு டொராண்டோவுக்காக நான்கு ஸ்டான்லி கோப்பைகள் (என்.எச்.எல். சாம்பியனுக்கான கோப்பை). டபுள் டபுள் வாங்க வரிசையில் நிற்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

முந்திப் போனவர்கள் எல்லோரும் சறுக்கினார்கள் என்று சொல்லவில்லை. ஏரன் எக்பிளாட் 2014இல் பதினெட்டு வயதில் ஃபுளோரிடாவில் இறங்கி அந்த சீசனின் சிறந்த புதுமுகமானார். ஆனால் முந்திப் போனால் பாதை நேராகிவிடும் என்றும் இல்லை. லூக் ஷென் 2008இல் பதினெட்டு வயதிலேயே மேப்பிள் லீஃப்ஸில் ஆடினார். டொராண்டோ அவரைத் தூக்கிக் கொண்டாடியது நினைவிருக்கும். பத்து ஆண்டுகள் கழித்து, 2018–19இல், அவர் ஏ.எச்.எல்.லில் ஆட வேண்டியிருந்தது. அங்கிருந்து எழுந்து டாம்பா பே அணியோடு இரண்டு கோப்பைகள் வென்றது அவருடைய மன உறுதி. இன்னொன்று: ஓ.எச்.எல்.லில் பதினைந்து வயதிலேயே ஆடச் சிறப்பு அனுமதி தருவார்கள். டிஃபென்ஸில் அதை முதலில் பெற்றவர் எக்பிளாட், 2011இல். இரண்டு ஆண்டுகள் கழித்து ஷான் டே என்ற டிஃபென்ஸ் ஆட்டக்காரருக்கும் அதே அனுமதி கிடைத்தது. எக்பிளாட் டிராஃப்டில் முதல் ஆள். டே 81ஆவது ஆள். பதினைந்து வயதுப் பையனைப் பார்த்து அவன் இருபதில் எப்படி இருப்பான் என்று சொல்வது, அதையே தொழிலாக வைத்திருப்பவர்களுக்கே கைவராத வித்தை. உங்களுக்கு எப்படிக் கைவரும்?

டிஃபென்ஸுக்கு ஏன் கூடுதல் காலம் வேண்டும்? ஃபார்வர்டு தவறினால் பின்னால் ஐந்து பேர் இருக்கிறார்கள். டிஃபென்ஸ் தவறினால் கோல் காக்கும் கோலி மட்டும்தான். அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. ரிங்கில் நான் பையன்களைப் பார்க்கும்போது முதலில் கவனிப்பது அதைத்தான். எதிரணி பக்கை (ஆடும் ரப்பர் வட்டை) மூலைக்கு அடித்துவிடுகிறது. நம் பையன் தன் கோலை நோக்கித் திரும்பி ஓடுகிறான். முதுகுக்குப் பின்னால் ஓர் ஆள் முழு வேகத்தில் வருகிறான். பக்கைத் தொடும் முன்பே இரண்டு முறை தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்து, எந்தப் பக்கம் அழுத்தம் வருகிறது, எந்தப் பக்கம் கூட்டாளி இருக்கிறான் என்று தெரிந்துகொண்டு, தொட்டதும் பாஸ் போய்விட வேண்டும். ஜூனியரில் வேகமான பையன் பார்க்காமலே தப்பித்துவிடுவான். துரத்துகிறவனும் பதினேழு வயதுதானே. தொழில்முறை ஆட்டத்தில் துரத்துகிறவனுக்கு இருபத்தெட்டு வயது. எடை தொண்ணூறு கிலோவுக்கு மேல். தப்பிக்கும் பக்கம் எது என்பது அவனுக்கும் தெரியும். திரும்பிப் பார்க்காத பையன் முகம் கண்ணாடியில் மோத நிற்பான். தோளும் கழுத்தும் தலையும் பிறகு என்னிடம் வரும்.

கோலும் அசிஸ்ட்டும் சேர்த்து எண்பது புள்ளி எடுத்தான் என்று காகிதத்தை நீட்டுகிறார்கள். பவர்பிளேயில் (தண்டனையால் எதிரணியில் ஆள் குறைந்திருக்கும் நேரத்தில்) எடுத்த புள்ளிகளைக் கழித்துவிட்டுப் பாருங்கள். கடைசி இரண்டு நிமிடங்களில் ஒரு கோல் முன்னிலையைக் காக்க வேண்டிய நேரத்தில் பயிற்சியாளர் அவனை இறக்குகிறாரா, பெஞ்சில் வைக்கிறாரா என்று பாருங்கள். புள்ளிப் பட்டியலைவிட அது அதிகம் சொல்லும்.

உயரத்தைப் பற்றி ஒரு வரி போதும். 2024இல் நாரிஸ் வாங்கிய குவின் ஹியூஸ் ஐந்தடி பத்து அங்குலம். பதினான்கில் எல்லோரையும்விட உயரமாக இருக்கும் பையன் பெரும்பாலும் பருவம் முந்தி வந்தவன். ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே வயதுப் பிரிவில் ஆடுகிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உடலால் மட்டும் ஜெயித்துப் பழகியவன், எல்லோரும் வளர்ந்து முடிந்த இடத்துக்குப் போகும்போது கையில் வேறு எதுவும் இல்லாமல் நிற்கிறான்.

இனி நடைமுறை. டிராஃப்டில் பெயர் வந்தால் வேலை கிடைத்துவிட்டது என்று பொருள் இல்லை. ஆண்டுக்கு இருநூற்றுக்கும் அதிகமானவர்களை எடுக்கிறார்கள். அதே ஆண்டு இறங்குகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பதினெட்டு, பத்தொன்பது வயதில் ஒப்பந்தம் போட்ட பையனை ஒன்பது ஆட்டம்வரை ஆடவைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினால், ஒப்பந்தத்தின் முதலாண்டு கணக்கில் ஏறாது. ஆகவே ஒன்பது ஆட்டத்தோடு திரும்பி வந்த பையனைத் தோற்றவனாகப் பார்க்காதீர்கள். பல அணிகள் அதைப் பார்வையிடல் என்றே வைத்திருக்கின்றன. முன்பெல்லாம் ஓ.எச்.எல். போன்ற ஜூனியர் லீக்கில் ஆடிய பையனுக்கு அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியின் கதவு மூடியே இருந்தது. 2025 ஆகஸ்டிலிருந்து அது திறந்துவிட்டது. இடைவெளியைக் கழிக்க வழியே இல்லை என்ற பழைய சாக்கும் போயிற்று. தானாகக் கனியாததைத் தடியால் அடித்துக் கனியவைக்க வேண்டிய தேவை இப்போது யாருக்கும் இல்லை.

கேம்புக்கு அனுப்பும் முன் உள்தொடைத் தசையின் வலுவை அளந்து பாருங்கள். ஒரு என்.எச்.எல். அணியை வைத்து 2001இல் வெளிவந்த ஆய்வில், உள்தொடை வலு வெளித்தொடை வலுவில் எண்பது சதவீதத்துக்குக் கீழே இருந்தவர்களுக்கு அந்தத் தசையில் காயம் வரும் வாய்ப்பு 17 மடங்கு அதிகமாக இருந்தது. அளக்கச் சில நிமிடங்கள் போதும். சரிசெய்யச் சில வாரங்கள் ஆகும். கேம்புக்கு மூன்று நாள் முன்பு வந்து அழுதால் என்னிடம் மந்திரம் இல்லை.

கோடையில் சில வாரங்களாவது ஸ்கேட்டைக் கழற்றிவைக்கட்டும். கால்பந்து ஆடட்டும், நீந்தட்டும், சும்மா தூங்கட்டும். பன்னிரண்டு மாதமும் ஐஸில் இருப்பது அர்ப்பணிப்பு அல்ல.

பையனை என்னிடம் அழைத்துவந்தால், அவனைப் பேசவிடுங்கள். பத்து நிமிடம் நீங்கள் வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கலாம். கேம்ப் படிவத்தில் பழைய காயங்களை மறைக்காமல் எழுதுங்கள். அணி மருத்துவர்கள் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்போது காயத்தோடு பொய்யும் சேர்ந்து அவன் பெயரில் பதிவாகும்.

தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி இருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. ஒண்டாரியோவில் இது அறிவுரை அல்ல, சட்டம். 2013இல் ரோவன் ஸ்ட்ரிங்கர் என்ற பதினேழு வயது ரக்பி ஆட்டக்காரி, சில நாள்களுக்குள் மீண்டும் மீண்டும் தலையில் அடிபட்டு இறந்ததால் வந்த சட்டம் அது. எந்த ஸ்கவுட் அரங்கில் உட்கார்ந்திருந்தாலும் சரி, பையன் வெளியே வர வேண்டும். மீண்டும் முழுதாக ஆடலாம் என்று சொல்ல வேண்டியவர் மருத்துவர் அல்லது நர்ஸ் பிராக்டிஷனர்; பிசியோதெரபிஸ்டான எனக்கு அந்த அதிகாரம் இல்லை. ஆகவே வெள்ளிக்கிழமை மாலை கிளினிக்கைப் பூட்டும் நேரத்தில் அழைத்து, "நாளைக்கு ஆட்டம், ஒரு கடிதம் மட்டும் கொடுத்துவிடுங்கள்" என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.