அப்பப்பாவில் நாலு ப

போன மாதம் கிளிநொச்சியில் கண்டி வீதியோரம் ஒரு பனர் கடையில் ஒரு மணித்தியாலம் குந்தியிருந்தேன். அப்பப்பாவுக்கு 80 வயது, வளவில் சின்னக் கொண்டாட்டம், 'எங்கட அப்பப்பாவுக்குப் பிள்ளைகளின் வாழ்த்து' என்று கையால் எழுதினது மாதிரி ஒரு எழுத்துருவில் அடிக்க வேண்டும். கடைத் தம்பி அடித்துக் காட்டினான். வடிவாகத்தான் இருந்தது, ஆனால் ஏதோ இடித்தது. பிறகுதான் பிடிபட்டது: அப்பப்பாவில் நாலு ப, நாலும் ஒரே அச்சு.

கோணல் எழுத்தைக் கண் பொறுத்துக்கொள்ளும், அதே கோணல் திரும்பத் திரும்ப வந்தால் கண்டுபிடித்துவிடும். கையால் எழுதும்போது ஒரு ப அகலும், அடுத்தது சாயும், புள்ளி ஒருக்கா விலகி விழும். அதனால் நல்ல கையெழுத்து எழுத்துருவில் ஒரே ப-வை இரண்டு மூன்று விதமாக வரைந்து வைத்திருப்பார்கள், கூடவே கோப்புக்குள் விதிகளும் இருக்கும்: முன்னால் முதலாவது ப நின்றால் இப்போது இரண்டாவதைப் போடு, அது நின்றால் மூன்றாவதை. ஓபன்டைப் என்ற எழுத்துருக் கோப்பு வகையில் இதற்கென்றே வசதி உண்டு. நாங்கள் தட்டிய எழுத்து மாறுவதில்லை, திரையில் அதன் உருவம்தான் மாறுகிறது, ஆகவே பிரதி எடுத்து வேறெங்கு ஒட்டினாலும் அது சாதாரண ப தான்.

தமிழில் இது வேலை கூடின விசயம். 247 எழுத்தையும் வரையத் தேவையில்லை, அரவும் (ா) கொம்பும் (ெ) தனித் துண்டுகளாக வந்து ஒட்டிக்கொள்ளும், ஆனால் கு, சு, டு, மு என்று உகரமும் ஊகாரமும் எழுத்துக்கு எழுத்து வேறு கோலம், அதிலேயே 36 வடிவம் போய்விடும். எல்லாவற்றுக்கும் மூன்று மூன்றாக வரைய யாருக்குப் பொறுமை? கடையில் இருந்த எழுத்துருவில் ஒவ்வொன்றுதான் இருந்தது. தம்பி எழுத்துகளைக் கேர்வாக, அதாவது இழுத்து வளைக்கக்கூடிய வெறும் கோட்டு வடிவமாக மாற்றி, ஒவ்வொரு ப-வையும் கையாலேயே சாய்த்தும் இழுத்தும் விட்டான். பத்து நிமிடத்தில் பனருக்கு உயிர் வந்தது.

இப்படியான எழுத்துருவைப் பெரிதாக, நாலைந்து சொல்லுக்குப் போட்டால் சரி: பிறந்தநாள், கேக் கடை, சிறுவர் புத்தக அட்டை. மரண அறிவித்தலுக்குப் போட்டால் செத்த வீட்டில் பகிடி விட்ட மாதிரி. 1994இல் வின்சென்ட் கொனேர் என்பவர் கொமிக் சான்ஸ் என்ற ஆங்கிலக் கையெழுத்து எழுத்துருவை வரையத் தொடங்கியது ஒரு கார்ட்டூன் நாயின் பேச்சுக்காக, பிறகு அது போகாத இடமெல்லாம் போய்த்தான் பேச்சு வாங்கியது.

சரி, பனர் கட்டியாயிற்று. அப்பப்பா கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "ளை பிழையடா" என்றார். அவர் படித்த காலத்து ளை-க்கு மேலே ஆனைத் துதிக்கை மாதிரி ஒரு வளைவு இருக்கும், 1978இல் தமிழ்நாடு அரசு செய்த எழுத்துச் சீர்திருத்தத்தோடு ஓரமாகப் போனது. கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யுனிகோடில் இரண்டுக்கும் ஒரே குறியீடுதான், எதைக் காட்டுவது என்பது எழுத்துருவை வரைந்தவரின் விருப்பம். எங்கள் எழுத்துருவில் பழையது இல்லை என்று நான் விளக்கத் தொடங்குமுன், அவர் பேரனிடம் மார்க்கரை வாங்கிப் பனரிலேயே துதிக்கையைப் போட்டுவிட்டார்.