ஒட்டுப்பாலும் பந்தயக் காரும்

மலேசியாவில் பந்திங்கிலிருந்து செப்பாங் பந்தயத் திடலுக்குப் போகிற வழியெல்லாம் செம்பனைதான். 2000களின் நடுவில் ஒரு வருடம் அந்த வழியில் மோட்டார் சைக்கிளில் ஃபார்முலா 1 பார்க்கப் போனேன். பந்தயம் முடிந்து கேட்டைத் திறந்துவிட்டதும் எல்லாரோடும் சேர்ந்து ஓடி, ஓடுபாதை ஓரத்தில் கிடந்த கறுப்பு உருண்டை ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். டயரிலிருந்து உதிர்ந்த ரப்பர், கட்டைவிரல் அளவு. வீட்டில் அப்பாவிடம் கொடுத்தேன். ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பால்வெட்டில் இருந்தவர். நகத்தால் அழுத்தினார், இழுத்துப் பார்த்தார், மூக்கில் வைத்தார். "ரெண்டு நாளு மங்குல கிடந்த ஒட்டுப்பாலு மாதிரி மெத்துன்னு இருக்கு. ஆனா நம்ம பாலு இல்லடா இது, நாத்தத்தையே காணோமே" என்றார். மரத்தில் கட்டிய மங்கில், அதாவது கோப்பையில், உறைந்துபோன ரப்பர் பால்தான் ஒட்டுப்பால்.

சரியாகத்தான் சொன்னார். பந்தய டயரில் பெரும்பங்கு பெட்ரோலியத்திலிருந்து செய்த செயற்கை ரப்பர். அதோடு கரித்தூள், எண்ணெய், பிசின், கந்தகம். மரப்பாலும் கொஞ்சம் உண்டு, ஆனால் மரப்பாலுக்கு உண்மையான மவுசு லாரி டயரிலும் விமான டயரிலும்தான்.

அந்த மெத்துக்குக் காரணம் இருக்கிறது. தார் ரோட்டைக் கையால் தடவினால் சொரசொரவென்று இருக்கும் இல்லையா, மெத்தென்ற ரப்பர் அந்த மேடுபள்ளங்களுக்குள் பிதுங்கி இறங்குகிறது. வெளியே வரும்போது உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பாமல் கொஞ்சம் சோம்பேறித்தனமாகத் திரும்புகிறது. அந்தத் தாமதம்தான் வழுக்கலைத் தடுக்கும் பிடி. இதுபோக, ரப்பரின் மூலக்கூறுகளே கல்லோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்து வருவதும் நடக்கிறது. இரண்டுக்கும் சூடு வேண்டும், ஏறக்குறைய 100 டிகிரி. அதனால்தான் டயருக்கு மின்சாரப் போர்வை போர்த்திச் சூடாக்கி வைக்கிறார்கள். சூடு மிஞ்சினால் ரப்பர் கொப்புளம் கட்டும், குறைந்தால் கார் சோப்பு மேல் நிற்கிற மாதிரி வழுக்கும்.

ஒவ்வொரு டயரும் ரோட்டைத் தொடுகிற இடம் கிட்டத்தட்ட ஒரு பள்ளிக்கூட நோட்டுப்புத்தகத்தின் அளவு. எஞ்சின் எவ்வளவு சக்தி கொடுத்தாலும், பிரேக் எப்படிப் பிடித்தாலும் எல்லாம் அந்த நாலு நோட்டுப்புத்தகம் வழியாகத்தான் ரோட்டுக்குப் போக வேண்டும். மீதிக் கார் மொத்தமும் அந்த நாலையும் தரையோடு அழுத்தி வைப்பதற்கான ஏற்பாடு என்றே நான் சொல்வேன்.

அப்படியென்றால் காரைக் கனமாகச் செய்துவிட்டால் போதாதா? போதாது. மோட்டாருக்குப் பின்னால் இரண்டு அரிசி மூட்டையை வைத்துக் கட்டிக்கொண்டு தாமான் (குடியிருப்பு) முக்கில் வேகமாகத் திரும்பிப் பாருங்கள், தெரியும். எடை டயரை அழுத்துகிறது, ஆனால் அதே எடையைத் திருப்பவும் நிறுத்தவும் வேண்டியிருக்கிறது. அழுத்தம் வேண்டும், எடை கூடாது. அதைத் தருவது காற்று.

முன்னாலும் பின்னாலும் இருக்கும் இறக்கைகள் விமான இறக்கையைக் கவிழ்த்து வைத்தவை, அது பலருக்கும் தெரியும். சுவாரசியமானது காரின் அடிவயிறு. செம்பனைக் குலை ஏற்றிய லாரி உங்களை ஒட்டி வேகமாகக் கடக்கும்போது மோட்டார் லாரிப் பக்கம் இழுபடும் இல்லையா, எங்கள் ஊரில் அந்தப் பயத்தை அறியாத மோட்டார்காரன் கிடையாது. குறுகிய இடைவெளியில் காற்று வேகமெடுத்தால் அங்கே அழுத்தம் குறையும். மறுபக்கத்துக் காற்று உங்களை அந்தப் பக்கம் தள்ளும். லாரிக்குப் பதில் ரோடு, மோட்டாருக்குப் பதில் கார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2022 விதிகளில் வந்த கார்களின் அடியில் நடுவில் குறுகிப் பின்னால் விரியும் இரண்டு சுரங்கங்கள் இருந்தன. கார் தன்னைத்தானே ரோட்டோடு உறிஞ்சிக்கொள்ளும். வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நாலு மடங்காகும். 800 கிலோ காரை அதன் எடையையும் மிஞ்சும் விசையோடு காற்று அழுத்தும். அதனால் வேகமான வளைவில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிற ஓட்டுநருக்குத்தான் ஆபத்து, வேகத்தோடு பிடியும் போய்விடும்.

இதில் மில்லிமீட்டருக்கும் சண்டை வரும். 1999-இல் செப்பாங்கின் முதல் பந்தயத்தில் ஃபெராரி அணியின் ஓட்டுநர்கள் எடி இர்வைனும் மைக்கேல் ஷூமாக்கரும் முதல் இரண்டு இடம் பிடித்தார்கள். காரின் பக்கவாட்டில் காற்றைத் திருப்பும் பலகையின் அளவு சில மில்லிமீட்டர் தவறு என்று இருவரையும் தகுதி நீக்கினார்கள். பாரிஸில் மேல்முறையீடு செய்து வெற்றியைத் திரும்ப வாங்கினார்கள்.

சீசன் என்று பார்த்தால் 2024-இலும் 2025-இலும் 24 பந்தயங்கள், மார்ச்சிலிருந்து டிசம்பர் வரை. மார்ச்சில் ஓடிய கார் டிசம்பரில் பெயரளவில்தான் அதே கார். அடித்தளம், முன் இறக்கை என்று மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. செலவுக்கு உச்சவரம்பு உண்டு, காரின் மேல் காற்றை ஊதிச் சோதிக்கும் காற்றுச்சுரங்கத்தில் முழு அளவுக் காரை வைக்கக்கூடாது, 60 விழுக்காடு அளவு மாதிரிதான். அதிலும் முந்தைய வருடம் ஜெயித்த அணிக்குச் சோதனை நேரம் குறைவு, கடைசியில் வந்த அணிக்கு அதிகம். எனக்கு இந்த விதி ரொம்பப் பிடிக்கும். 2026-க்கு எல்லாவற்றையும் கலைத்துப் போட்டார்கள்: கார் இலேசாகிறது, அடிச்சுரங்கங்கள் போய்த் தளம் தட்டையாகிறது, சக்தியில் ஏறக்குறைய பாதி மின்சாரம்.

இத்தனை கணக்குப் போடுகிறவர்கள் 2009-இல் செப்பாங்கில் ஒரு காரியம் செய்தார்கள். ஐரோப்பாவில் டிவி பார்ப்பவர்களுக்குத் தோதாக இருக்கட்டும் என்று பந்தயத்தை மாலை 5 மணிக்கு வைத்தார்கள். அந்த நேரத்து மழையைப் பற்றி எங்கள் தோட்டத்தில் எந்தக் கிழவியைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள். வானம் கறுத்ததைப் பார்த்து ஃபெராரி முந்திக்கொண்டு தன் ஓட்டுநர் கிமி ரைக்கோனனுக்கு முழு மழை டயரை மாட்டியது. மழை இன்னும் வரவில்லை. மழை டயரின் ரப்பர் இன்னும் மெத்தென்றிருக்கும், ஆழமான வெட்டுகள் வேறு. தண்ணீர் குளிர்விக்கும் என்று நம்பிச் செய்தது. காய்ந்த சூட்டு ரோட்டில் சில சுற்றிலேயே பிய்ந்து தேய்ந்துபோனது. அப்புறம் வந்தது பாருங்கள் மழை, முழு மழை டயராலேயே தாங்க முடியவில்லை. 300 கிலோமீட்டர் வேகத்தில் அப்படிப்பட்ட ஒரு டயர் நொடிக்கு 85 லிட்டர் தண்ணீரை ஒதுக்கும் என்பது டயர் கம்பெனியான பிரெல்லி பிற்காலத்தில் தன் டயருக்குச் சொன்ன கணக்கு. அதையும் மிஞ்சித் தண்ணீர் நின்றால் டயர் ரோட்டைத் தொடாது, தண்ணீர் மேல் மிதக்கும். பந்தயத்தை நிறுத்தினார்கள், இருட்டிவிட்டதால் மறுபடி தொடங்கவே இல்லை. ஜென்சன் பட்டனுக்கு வெற்றி, பந்தயம் முழுசாக ஓடாததால் பாதிப் புள்ளி. ரைக்கோனன் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்ததை டிவியில் காட்டினார்கள்.

2017-க்குப் பிறகு செப்பாங்கில் ஃபார்முலா 1 இல்லை. அந்த உருண்டை இன்னும் அலமாரியில் கிடக்கிறது. ரப்பரை மெத்தென்று வைத்திருந்த எண்ணெய் வருடக்கணக்கில் ஆவியாகி, காற்றுப்பட்டு, இப்போது நகம் இறங்காத கல். போன தீபாவளிக்கு அப்பா அதை எடுத்து மேசையில் ஒரு தட்டுத் தட்டினார், டக்கென்று சத்தம் வந்தது. "முத்திப்போச்சு" என்று சொல்லித் திரும்ப வைத்துவிட்டார்.