மீட்டரில் ஸீரோ காட்டினால் தொட்டி பத்திரம் என்று யார் சொன்னது?

போன வாரமும் அப்படி ஒரு கேஸ் மீட்டர், அதாவது காற்றில் விஷவாயு இருக்கிறதா என்று அளக்கும் கருவி, என்னிடம் சர்வீஸுக்கு வந்தது. தோல் பதனிடும் ஆலை ஒன்றில், கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆள் இறங்கும் முன் வைத்துப் பார்ப்பது. ஆன் செய்தால் ஆக்சிஜன் 20.9 சதவீதம், அது அளக்கும் மற்ற மூன்று வாயுக்களும் 0. அழுகிய முட்டை நாற்றமடிக்கும் விஷவாயுவான ஹைட்ரஜன் சல்பைடு 25 பிபிஎம் (பத்து லட்சத்தில் 25 பங்கு) கலந்த டெஸ்ட் கேஸைக் காட்டினேன், 0. ஒரு நிமிடம் கழித்தும் 0. காற்று நுழையும் ஃபில்டரில் சேறு காய்ந்து அப்பியிருந்தது, சென்சாரும் செத்திருந்தது, சத்தம் தொந்தரவாக இருக்கிறதென்று அலாரத் துளையில் டேப் வேறு ஒட்டியிருந்தார்கள். இதை நம்பித்தான் ஆட்களை இறக்கியிருக்கிறார்கள். கோபமாக வருகிறது.

எத்தனை முறை சொன்னாலும் "ஸீரோதானே காட்டுது சார்" என்பதுதான் பதில். தயவுசெய்து இதை ஒருமுறை புரிந்துகொள்ளுங்கள். ஹைட்ரஜன் சல்பைடு சென்சாரில் வாயு பட்டால் உள்ளே சிறு மின்னோட்டம் உண்டாகும், அதைத்தான் மீட்டர் எண்ணாகக் காட்டுகிறது. வாயு இல்லையென்றால் மின்னோட்டம் இல்லை, 0. சென்சார் செத்துப்போனாலும் மின்னோட்டம் இல்லை, அதே 0. ஃபில்டர் அடைத்திருந்தாலும் 0தான். திரையைப் பார்த்து எது எந்த ஸீரோ என்று யாராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. ஆன் ஆகும்போது மீட்டர் தானே செய்துகொள்ளும் சோதனைக்கும் ஃபில்டரில் உள்ள சேறு தெரியாது. அளவு தெரிந்த வாயுவைக் காட்டி, எண் ஏறுகிறதா, அலாரம் அடிக்கிறதா என்று பார்ப்பது ஒன்றுதான் வழி. ஒரு நிமிட வேலை, அதை ஒவ்வொரு நாளும் இறங்கும் முன் செய்ய வேண்டும். மீட்டர் சரியாக அளக்கிறது என்று வருடத்துக்கு ஒருமுறை வாங்கி ஃபைலில் வைக்கும் கேலிப்ரேஷன் சான்றிதழ் இன்றைய நிலையைச் சொல்லாது.

அப்புறம், "நாற்றம் அடித்தால் தெரியாதா" என்பவர்கள். 100 பிபிஎம் அளவிலேயே சில நிமிடங்களில் மூக்கு மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது, வாயுவும் போய்விட்டது என்று நினைத்து இறங்குவார்கள். 700, 1000 என்று போனால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சரிந்துவிடுவார், கத்தக்கூட நேரம் இருக்காது. தோலிலிருந்து முடி நீக்கப் போட்ட சோடியம் சல்பைடு கலந்த தண்ணீரோடு அமிலக் கழிவு சேர்ந்தால் போதும், அடியில் கிடக்கும் சேற்றைக் கிளறினாலும் போதும், இந்த வாயு கிளம்பும். அதனால் காலையில் பார்த்த அளவு பத்து மணிக்குச் செல்லாது. இறங்குபவரின் சட்டையில், மூக்குக்குப் பக்கத்தில் ஒரு மீட்டர் கடைசிவரை இருக்க வேண்டும்.

மீட்டரைத் தொட்டி வாயில் ஆன் செய்யாதீர்கள், தள்ளிப்போய் நல்ல காற்றில் ஆன் செய்யுங்கள், இல்லாவிட்டால் அங்கே இருக்கும் வாயுவையே ஸீரோவாக எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. காற்றை உறிஞ்சும் குழாயைத் தொட்டிக்குள் இறக்கி மேலே, நடுவே, அடியில் என்று பாருங்கள், ஒவ்வோர் இடத்திலும் எண் நிலைக்கும்வரை காத்திருங்கள். இந்த வாயு காற்றைவிடக் கனம், அடியில்தான் தேங்கும். மீட்டர் பக்கத்தில் சிலிகான் ஸ்ப்ரே அடிக்காதீர்கள், எரிவாயு சென்சார் கெட்டுவிடும். டெஸ்ட் சிலிண்டருக்கும் காலாவதித் தேதி உண்டு, அதையும் பாருங்கள். தொட்டிக்குள் இறங்கும் முன் தகுதியானவர் சோதித்து எழுத்தில் தர வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ஆவது பிரிவே சொன்னது, யாரும் புதிதாகக் கேட்கவில்லை.

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். உள்ளே ஒருவர் விழுந்தால் பின்னாலேயே குதிக்காதீர்கள். விழுந்தவர் உங்கள் தம்பியாக இருந்தாலும் சரி. வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசு அமைப்பான நியோஷ் 1986-லேயே எச்சரித்தது: இப்படிப்பட்ட அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கு மேல் காப்பாற்றப் போனவர்கள். இறங்குபவருக்கு பெல்ட்டும் கயிறும், அவரைத் தூக்கியெடுக்க மேலே மூன்று கால் தாங்கியும் கயிறு சுற்றும் வின்ச்சும், கண்ணை எடுக்காமல் நிற்க ஓர் ஆளும் இல்லையென்றால் மேன்ஹோல் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள்.