ஈரல் கட்டி ரத்தத்தில் விட்டுவைக்கும் தடயங்கள்

கல்லீரலில் ஒரே அளவு புற்றுக்கட்டி உள்ள இரண்டு பேரில் ஒருவருக்கு அறுவைச் சிகிச்சையோடு பிரச்சினை முடிந்துவிடும், இன்னொருவருக்குக் கொஞ்ச நாளிலேயே திரும்பி வந்துவிடும். ஸ்கேனில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். வித்தியாசத்தை ஓரளவு முன்கூட்டியே காட்டிக்கொடுப்பவை ரத்தத்தில் கலந்திருக்கும் சில புரதங்கள்.

மூத்தது ஏஎஃப்பி, அதாவது ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன். கருவிலுள்ள குழந்தையின் ஈரல் இதை ஏராளமாகச் சுரக்கும், பிறந்த பிறகு இதைத் தயாரிக்கச் சொல்லும் மரபணு அடங்கிவிடும். ஈரல் செல் புற்றாக மாறி முதிர்ச்சியை இழக்கும்போது அது மறுபடி விழித்துக்கொள்கிறது. 1963-ல் சோவியத் விஞ்ஞானி கேரி அபெலெவின் குழு எலிகளின் ஈரல் கட்டியில் இதைக் கண்டது. அளவு எகிறியிருந்தால் கட்டி மூர்க்கமானது என்றுதான் பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் பலருக்குப் புற்று இருந்தும் ஏறாது, கர்ப்பத்திலும் ஹெபடைடிஸ் கிளம்பும்போதும் புற்று இல்லாமலே ஏறும். இந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதியடையவும் வேண்டாம்.

இதிலேயே எல்3 என்றொரு வகை உண்டு. அதே புரதம்தான், கூடவே ஃபுகோஸ் என்ற சர்க்கரை ஒட்டியிருக்கும். மசூர் பருப்பிலிருந்து எடுக்கும் ஒரு புரதம் இந்தச் சர்க்கரை உள்ளதை மட்டும் இறுக்கிப் பிடிக்கும், அதை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். மொத்த ஏஎஃப்பியில் எல்3யின் பங்கு 10 சதவீதத்தைத் தாண்டினால் கவனம் தேவை.

எனக்கு ரொம்பப் பிடித்தது டிசிபி. ரத்தம் உறைய வேண்டிய புரோத்ராம்பினை ஈரல் தயாரிக்கும்போது, வைட்டமின் கே துணையோடு அதிலுள்ள 10 குளூட்டாமிக் அமிலங்களில் கார்பாக்சில் தொகுதியை ஒட்டும், அப்போதுதான் அது கால்சியத்தைப் பிடிக்கும். புற்றணுவில் இந்த வேலை அரைகுறையாக நின்றுபோக, உதவாத சரக்கு ரத்தத்துக்கு வந்துவிடுகிறது. அதுதான் டிசிபி. இது அதிகமாக இருந்தால், ஸ்கேனுக்குச் சிக்காத நுண்ணிய ரத்தக்குழாய்களுக்குள் கட்டி நுழைந்திருக்க வாய்ப்பு அதிகம், கட்டி திரும்பி வருவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். வைட்டமின் கேயின் வேலையைத் தடுத்து ரத்தம் உறைவதைக் குறைக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு டிசிபி சும்மாவே ஏறும் என்பதால் டாக்டரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும்.

சரி, சிகிச்சைக்கு இதனால் என்ன பயன்? கட்டியை முழுசாக எடுத்துவிட்டால் ஏஎஃப்பி சுமார் ஒரு வாரத்துக்குள் பாதியாகி, அப்படியே இறங்கிக்கொண்டே போகும், இறக்கம் நடுவில் நின்றால் எங்கோ மிச்சம் இருக்கிறது என்று சந்தேகிக்கலாம். மருந்துத் தேர்வுக்கும் உதவுகிறது. ராமுசிருமாப் மருந்தை முதலில் எல்லோருக்கும் கொடுத்துச் சோதித்தபோது ஆயுள் கூடியதாக நிரூபிக்க முடியவில்லை. ஏஎஃப்பி ஒரு மில்லிலிட்டருக்கு 400 நானோகிராமோ அதற்கு மேலோ இருந்தவர்களிடம் மட்டும் பலன் தெரிந்ததால், அவர்களை மட்டும் சேர்த்து இன்னொரு சோதனை நடத்தினார்கள், அதில் ஜெயித்தது. 2019-ல் அந்த வரம்போடுதான் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.